வீட்டு முற்றத்தில் ஜீப்புக்கு முன்பக்க சஸ்பென்ஷன் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) பிட்டராக இருக்கிறேன். என் பழைய சுசுக்கி எஸ்ஜே413 ஜீப்பின் முன்பக்க லீஃப் (பட்டை) ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, கொயில் (சுருள்) ஸ்பிரிங் வைத்து நானே கட்டினேன். லயத்துக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில்தான் வேலை. அன்று முதல் டீக்கடையில், கல்யாண வீட்டில், ஏன், சாவு வீட்டிலும் கூட இதே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

எத்தனை இஞ்சி தூக்கலாம் அண்ணே?

பத்துப் பேர் வந்தால் ஒன்பது பேர் முதலில் கேட்பது இதுதான். என் பதில் 2 இஞ்சி. முகம் சுருங்கிப் போகும், தெரியும்.

யோசித்துப் பாருங்கள். தோட்டத்துக் கல் ரோட்டில் முதலில் இடிபடுவது எது? இரண்டு சக்கரத்தையும் சுமக்கிற அக்சில் நடுவில் பூசணிக்காய் மாதிரித் தொங்குகிற டிஃபரன்ஷல் (பல்சக்கரப் பெட்டி). ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அது ஒரு நூல்கூட உயராது. பெரிய டயர் போட்டால்தான் உயரும். ஸ்பிரிங் உயரம், அந்தப் பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் இருக்க மட்டுமே உதவுகிறது. அதற்கு மேல் தூக்குவதெல்லாம் வண்டியின் பாரத்தை மேலே ஏற்றுகிற வேலை. ஒரு பக்கம் மண் மேடு, மறுபக்கம் தேயிலைச் சரிவு என்று இருக்கிற நம் ரோட்டில் அந்த வேலை எதற்கு?

நான் திருப்பிக் கேட்பது வேறு: உங்கள் சக்கரம் மேலே ஏறி இறங்கும்போது எந்த வழியாகப் போய் வருகிறது? இதற்குப் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் கணக்குத்தான்.

லீஃப் ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டை கூட்டினால் போதாதா?

உயரம் வரும், கூடவே விறைப்பும் வரும். மாஸ்கெலியா போய் வந்தால் முதுகெலும்பே கணக்குச் சொல்லிவிடும். அதைவிட, இருக்கிற பட்டைகளைக் கழற்றித் துருவைச் சுரண்டி, நடுவில் கிரீஸ் பூசி, தேய்ந்த புஷ்களை (மூட்டு ரப்பர்களை) மாற்றிப் பாருங்கள். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை அட்டன், வட்டவளைப் பக்கம் பெய்கிற மழையில் பட்டைகள் ஒன்றோடொன்று துருவால் ஒட்டிப்போகும். பாதிப் பேருக்கு இந்த ஒரு நாள் வேலையே போதும். கொயில் பைத்தியம் தெளிந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அக்சிலுக்குக் கீழே இருக்கிற ஸ்பிரிங்கை மேலே மாற்றினால்?

மலிவான வழி. எஸ்ஜேயில் சுமார் 5 இஞ்சி உயரம் ஒரேயடியாக வரும். ஆனால் ஸ்டியரிங் பெட்டியின் பிட்மன் கையிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு, அதாவது டிராக் லிங்க், செங்குத்தாகச் சரிந்துவிடும். பள்ளத்தில் விழுந்து எழும்போது ஸ்டியரிங் தானாகவே திரும்பும். பிரேக் பிடித்தால் அக்சில் முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் எஸ் எழுத்து மாதிரி வளையும். ஸ்டியரிங்கை முழுதாக மாற்றி அமைக்கத் தயாராக இருந்தால் செய்யுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்.

கொயில் வைத்தால் அக்சிலை எது பிடித்து வைக்கிறது?

நல்ல கேள்வி. லீஃப் ஸ்பிரிங், ஸ்பிரிங்காகவும் இருக்கும், அக்சிலை முன்பின்னாகவும் பக்கவாட்டாகவும் பிடிக்கிற கையாகவும் இருக்கும். கொயிலுக்கு அந்தப் புத்தி கிடையாது, அது பாரத்தை மட்டும் தாங்கும். எனவே முன்பின் அசைவுக்கு இரண்டு ரேடியஸ் ஆர்ம் (நீளவாட்டுக் கை), பக்கவாட்டுக்கு ஒரு பன்ஹார்ட் ரொட் (குறுக்குத் தண்டு) வேண்டும். சுசுக்கி ஜிம்னி, லேண்ட் ரோவர் டிஃபெண்டர் இரண்டிலும் கம்பனியே முன்பக்கம் இப்படித்தான் செய்திருக்கிறது. படுத்துக்கொண்டு டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு ஆர்மும் அக்சிலை இரண்டு புஷ்ஷாலும், செசியை (வண்டியின் அடிச்சட்டத்தை) பின்னால் ஒரு புஷ்ஷாலும் பிடித்திருக்கும். வீட்டில் கட்டுகிறவனுக்கு இதைவிட எளிய அமைப்பு இல்லை. நான்கு லிங்க், ஐந்து லிங்க் என்று படம் காட்டுவார்கள். நம்பிக் கை வைத்தால் இடமும் போதாது, கணக்கும் முடியாது.

காஸ்டர் என்றால் என்ன? அதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறீர்கள்?

சக்கரம் திரும்புகிற அச்சின் மேல் முனை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வுதான் காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பாருங்கள், அதே சாய்வு. அது இருப்பதால்தான் வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேராகிறது. கினிகத்தேனையிலிருந்து கித்துள்கலைக்கு இறங்குகிற ரோட்டில் இதன் அருமை தெரியும். காஸ்டர் போன வண்டியில் ஒவ்வொரு வளைவிலும் நீங்களே இழுத்து நேராக்க வேண்டும். கீழே போய்ச் சேரும்போது தோள்பட்டை கழன்றிருக்கும்.

இப்போது கணக்கு. ரேடியஸ் ஆர்ம் 800 மில்லிமீற்றர் நீளம், நிலத்துக்குச் சமாந்தரமாக இருக்கிறது என்று வையுங்கள். வண்டியை 50 மில்லிமீற்றர் உயர்த்தினால், ஆர்ம் சுமார் மூன்றரைப் பாகை சரியும். அக்சில் ஆர்மோடு இறுகப் பிடிக்கப்பட்டிருப்பதால் அதுவும் அதே மூன்றரைப் பாகை முன்னால் உருளும். கம்பனி கொடுத்த காஸ்டர் 4 பாகை என்றால் மிஞ்சுவது அரை. இரண்டே இஞ்சிக்கு இந்த நட்டம்!

அதனால் அக்சிலில் பிராக்கெட் ஒட்டும் முன்பே சாய்வை வைத்துவிட வேண்டும். வண்டி நிற்கப்போகிற உயரத்தில் செசியைக் கட்டையில் நிறுத்தி, நக்கிள் (சக்கரத்தோடு திரும்புகிற மூட்டு) மேல் கைத்தொலைபேசியின் பாகைமானியை வைத்து 5 பாகைக்கு அக்சிலைத் திருப்பி, பிறகுதான் புள்ளி வெல்டிங். இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பாருங்கள். ஆசைப்பட்டு 8, 9 பாகை வைக்காதீர்கள். அக்சில் அப்படிப் பின்னால் உருண்டால் டிஃபரன்ஷலின் மூக்கு நிலத்தைப் பார்க்கும், முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் ஜொயிண்ட் அதிகமாக மடங்கி நடுங்கும்.

பன்ஹார்ட் ரொட்டை எங்கே பூட்டுவது?

நம் நாட்டு வண்டியில் ஸ்டியரிங் பெட்டி வலப்பக்கம். எனவே பன்ஹார்டின் செசி முனை வலப்பக்கம், அக்சில் முனை இடப்பக்கம். மேலிருந்து பார்த்தாலும் முன்னாலிருந்து பார்த்தாலும் அது டிராக் லிங்குக்குச் சமாந்தரமாகவும், முடிந்த அளவு அதே நீளமாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வளைவில் ஏறி இறங்கினால் ஸ்டியரிங் சும்மா இருக்கும். ஒன்று ஒரு வளைவிலும் மற்றது வேறு வளைவிலும் போனால், குழி வரும்போதெல்லாம் உங்கள் கையில் ஸ்டியரிங் ஆடும்.

இன்னொன்று, ரொட் படுத்த மாதிரி இருக்கட்டும். 800 மில்லிமீற்றர் ரொட் நேராகப் படுத்திருந்து, சக்கரம் 100 மில்லிமீற்றர் ஏறினால், அக்சில் பக்கவாட்டில் 6 மில்லிமீற்றர் நகரும். அதே ரொட்டின் அக்சில் முனை ஏற்கெனவே 50 மில்லிமீற்றர் கீழே சரிந்து நின்று, சக்கரம் மேலும் 100 இறங்கினால் நகர்வு 12க்கு மேல், அதாவது இரு மடங்கு. உயரம் கூட்டியவர்கள் பலர் பழைய பன்ஹார்ட் பிராக்கெட்டையே வைத்துக்கொண்டு, "வண்டி பாம்பு மாதிரி நெளிகிறது" என்று என்னிடம் வருவது இதனால்தான்.

கொயிலை எப்படித் தெரிவு செய்வது? கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் மலை மாதிரிக் குவித்திருக்கிறார்கள்.

குவியலில் கை வைக்கும் முன் வண்டியை நிறுங்கள். எங்கள் ஸ்டோரில் லொறி நிறுக்கிற தராசில், முன் சக்கரம் இரண்டையும் மட்டும் ஏற்றி நிறுத்தினேன். வின்ச் பம்பரோடு 520 கிலோ வந்தது. இதில் அக்சில், சக்கரம், பிரேக் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற பாரம், சுமார் 140 கிலோ. அதைக் கழித்தால் 380. ஒரு கொயிலுக்கு 190 கிலோ.

வண்டி சும்மா நிற்கும்போது கொயில் எவ்வளவு அமுங்கி இருக்க வேண்டும்? நான் 120 மில்லிமீற்றர் என்று எடுத்தேன். 190ஐ 120ஆல் வகுத்தால், மில்லிமீற்றருக்கு 1.6 கிலோ அளவு. இதுதான் தேடுகிற விறைப்பு. இப்படி அமைந்த வண்டி வினாடிக்கு ஏறத்தாழ ஒன்றரை தடவை ஆடும். மனிதன் நடக்கிற தாளத்துக்குக் கிட்ட என்பதால் உடம்புக்கு உறுத்தாது.

கடைக்காரருக்கு விறைப்பு தெரியாது, "இது வேன் கொயில், நல்ல சாமான்" என்பார். வாங்கும் முன் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். தட்டையான பலகையில் கொயிலை நிறுத்துங்கள். நடுவில் ஒரு குழாயைச் செருகுங்கள், கொயில் பக்கவாட்டில் தெறித்துவிடக் கூடாது. மேலே இன்னொரு பலகை, நடுவில் அந்தக் குழாய் போகிற ஓட்டையோடு. முதலில் உயரத்தை அளந்துவிட்டு, 50 கிலோ சீமெந்து மூட்டை இரண்டை வைத்து மறுபடி அளங்கள். 62 மில்லிமீற்றர் இறங்கினால், 100ஐ 62ஆல் வகுக்க 1.6. நான் மூன்று சோடி கொயிலை இப்படிப் பார்த்தேன். மூன்றாவது சோடிதான் சரி வந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி, "என்னடா தம்பி, சீமெந்துக்கு ஊஞ்சல் கட்டுறியா?" என்றார்.

கம்பியின் தடிப்பை அலட்சியம் செய்ய வேண்டாம். 12 மில்லிமீற்றர் கம்பிக்கும் 13க்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. மற்ற அளவெல்லாம் ஒன்றாக இருந்தால் விறைப்பு 38 சதவீதம் கூடும். உயரம் குறைக்க ஒரு சுற்றை வெட்டுகிறவர்களும் கவனிக்கவும்: சுற்று குறைந்தால் கொயில் விறைக்கும். வாயு விளக்கால் வெட்டினால் அந்த இடத்து உருக்கின் பதமும் கெட்டுவிடும்.

ஷொக் அப்சோர்பர் என்ன நீளம்?

கொயிலைக் கழற்றி வைத்துவிட்டு அக்சிலை ஜாக்கால் மெல்ல ஏற்றுங்கள். அக்சில் மேலே இடிக்காமல் தடுக்கிற பம்ப் ஸ்டொப் ரப்பரில் முட்டி, அது நசுங்கியதும் மேல் பூட்டுக்கும் கீழ்ப் பூட்டுக்கும் இடையில் அளங்கள். பிறகு அக்சிலை முழுதாகத் தொங்கவிட்டு அளங்கள். ஷொக்கின் மூடிய நீளம் முதல் அளவைவிட ஒரு 15 மில்லிமீற்றர் குறைவாக இருக்கட்டும். திறந்த நீளம் இரண்டாவது அளவைவிடக் கூடவாக இருக்கட்டும். பம்ப் ஸ்டொப் முட்டும் முன் ஷொக் முட்டினால், அடி முழுவதும் ஷொக்கின் தண்டில் விழும், ஒரே மாதத்தில் எண்ணெய் கக்கும். ஒரு சக்கரம் மட்டும் ஏறி மற்றது தொங்குகிற நிலையையும் பாருங்கள். நேராக ஏற்றிப் பார்க்கும்போது உரசாத டயர் அப்போதுதான் உரசும்.

ஆர்முக்குத் தண்ணீர்க் குழாய் போதுமா?

கேட்டவர் பெயரைச் சொல்ல மாட்டேன். போதாது. மடிந்துவிடும். பூச்சுள்ள ஜீஐ குழாயை வெல்ட் செய்தால் வருகிற நாக (சிங்க்) உலோகப் புகையை மூச்சில் இழுத்து இரவெல்லாம் காய்ச்சலில் நடுங்கியவர்களை எனக்குத் தெரியும். பொருத்து இல்லாத உருக்குக் குழாய், சுவர் 5 அல்லது 6 மில்லிமீற்றர். இன்னும் நல்லது, ஜிம்னியில் கழற்றிய கம்பனி ஆர்ம். கம்பனி செய்த ஆர்மை நம் வெல்டிங்கால் வெல்ல முடியாது.

வெல்டிங்கை வீட்டில் செய்யலாமா?

எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை பிராக்கெட்டுகளை ஒரு பட்டறையில் கொடுத்து ஒட்டினேன். 3 மில்லிமீற்றர் தகட்டை நேராக செசியில் வைத்து, குறுக்கே ஒரே கோடாக இழுத்துவிட்டார்கள். பார்வைக்கு அழகான வெல்டிங், மீன் செதில் மாதிரி. மூன்றாவது வாரம், பாலத்துக்கு இறங்குகிற வளைவில் "டக்" என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். நல்ல வேளை, ஏறுகிற பக்கம் மண் மேடு. இறங்கிப் பார்த்தால் வெல்டிங் அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றிய செசித் தகடு ரொட்டி கிழிந்த மாதிரிக் கிழிந்து, பன்ஹார்ட் பிராக்கெட்டோடு தொங்குகிறது.

செசித் தகடு மெல்லியது. முதலில் அதன் மேல் ஒரு விரிந்த தகட்டை, மூலைகளை வட்டமாக்கி அல்லது சாய்சதுரமாக வெட்டி ஒட்ட வேண்டும். அதன் மேல் 6 மில்லிமீற்றர் பிராக்கெட். குறுக்கே ஒரே நேர்கோட்டில் வெல்டிங் போகக் கூடாது. கிழிசல் அந்தக் கோட்டைத்தான் பிடித்துக்கொண்டு போகும்.

வெல்டிங் ரொட்டைப் பற்றி: 7018 என்ற ரகம் வலுவானது, ஆனால் ஈரம் ஆகாது. பெட்டியைத் திறந்து வைத்தால் நம் பனியில் ஒரே இரவில் ஈரம் குடித்து, பிறகு வெடிப்பு விடும். 250 பாகைக்கு மேல் சூடாக்கி உலர்த்த வேண்டும். "ஸ்டோரில் ட்ரையர் இருக்கிறதே" என்றார் ஒரு நண்பர். தேயிலை காய்கிற காற்று 100 பாகைக்கு அக்கம்பக்கம்தான். ரொட்டில் தேயிலை வாசம் வரும், ஈரம் போகாது. அக்சில் குழாயில் ஒட்டும்போது சிறு சிறு துண்டாக, பக்கம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு ஒட்டுங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் குழாய் வாழைப்பழமாகும். தொடங்கும் முன் பற்றரி வயரைக் கழற்றுங்கள், பெற்றோல் குழாயை அப்புறப்படுத்துங்கள்.

வெல்டிங் கை பழகாதவர் என்றால், புள்ளி வைத்து அளவு சரிபார்ப்பதை நீங்கள் செய்யுங்கள். முழு வெல்டிங்கை அனுபவமுள்ள வெல்டிங் பாஸிடம் விடுங்கள். கூச்சம் வேண்டாம்.

டிராக் லிங்க் நீளம் போதவில்லை. வெட்டி ஒட்டலாமா? சூடாக்கி வளைக்கலாமா?

கூடாது. இரண்டும் கூடாது. நக்கிளிலும் வெல்டிங் வேண்டாம்.

ரப்பர் புஷ்ஷா, உருண்டை ஜொயிண்டா?

ரப்பர். உருண்டை ஜொயிண்ட் பந்தய வண்டிக்கு. நம் சேற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது, "கடகட" என்று பேசத் தொடங்கும். ரப்பர் புஷ் போட்டால் ஒரு விஷயத்தை மறக்காதீர்கள்: சக்கரம் நிலத்தில் நின்று, வண்டி தன் பாரத்தில் உட்கார்ந்த பிறகுதான் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையில் இருந்து சீக்கிரம் கிழியும். போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று இலக்கம் இருக்க வேண்டும். 12 மில்லிமீற்றர் 8.8 போல்ட்டுக்கு 80 நியூட்டன் மீற்றர் அளவு இறுக்கம் போதும்.

பிரேக் குழாயை மாற்ற வேண்டுமா?

கட்டாயம். அக்சில் முழுதாகத் தொங்கி, சக்கரம் இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்பிய நிலையில் ரப்பர் குழாய் இழுபடக் கூடாது, டயரிலும் உரசக் கூடாது. இழுபட்டால் நீளமானது வாங்குங்கள். குழாயைத் தாங்கும் பிராக்கெட்டைக் கொஞ்சம் கீழே இறக்கினாலும் சரி. இதில் மட்டும் பழைய சாமான் வேண்டாம், புதிது வாங்குங்கள்.

வண்டி ஓடும்போது முன் சக்கரம் இரண்டும் தலையாட்டுகிறது. என்ன செய்வது?

உடனே மெதுவாக்கி நிறுத்துங்கள். பிறகு ஒருவரை உள்ளே உட்கார்த்தி, எஞ்சின் நிற்க, ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் படுத்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டிலும் விரல் வையுங்கள். பெரும்பாலும் பன்ஹார்ட் புஷ் அல்லது அதன் போல்ட் ஓட்டை. 12 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 13 மில்லிமீற்றர் ஓட்டை போட்ட பாவம் அது. அடுத்தது இரண்டு சக்கரத்தையும் சேர்த்துத் திருப்புகிற டை ரொட்டின் முனை, பிறகு நக்கிள் பெயரிங்கின் இறுக்கம், பிறகு குறைந்த காஸ்டர். ஸ்டியரிங் டம்பர் வாங்கிப் பூட்டினால் ஆட்டம் மறைந்த மாதிரி இருக்கும். நோய் உள்ளேயே இருக்கும்.

எலைன்மென்ட் செய்ய நகரத்துக்குப் போக வேண்டுமா?

முதல் அளவுக்கு வேண்டாம். டயரின் நடுவில் சோக்கால் கோடு போட்டு, அக்சில் உயரத்தில் முன்னால் ஒரு அளவு, வண்டியை அரைச் சுற்று உருட்டி அதே கோட்டைப் பின்னால் ஒரு அளவு. முன் அளவு 2, 3 மில்லிமீற்றர் குறைவாக இருக்க வேண்டும். சமதரை தேடுவதுதான் இங்கே கஷ்டம். நான், காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டுகிற பெரட்டுக் களத்தில் செய்தேன்.

4டிஆர்5 ஜீப்புக்கும் இதையே செய்யலாமா?

அந்த மிட்சுபிஷி டீசல் எஞ்சின் இரும்புக் கட்டி. அந்தப் பாரத்துக்கு நல்ல லீஃப் ஸ்பிரிங்தான் நிம்மதி. புஷ், ஷக்கல், ஷொக் மூன்றையும் புதுப்பியுங்கள்.

செலவு?

விலையை எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய ஜீப்பின் ஆணிக்கும் தங்க விலை. பணம் குறைவென்றால் முதலில் பிரேக் குழாய், போல்ட், புஷ். பெயின்ட் கடைசி.

சட்டம் என்ன சொல்கிறது?

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ்தான் எல்லாம். வண்டியின் அமைப்பை மாற்றுவதென்றால், வெட்டும் முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அனுமதி கேளுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். விபத்து நடந்த பிறகு அவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது வண்டிக்கு அடியில்தான்.

முடிந்ததும் எங்கே ஓட்டிப் பார்ப்பது?

நேரே ஹோர்ட்டன் சமவெளிக்குக் கிளம்பிவிடாதீர்கள். எல்லாப் போல்ட்டையும் இறுக்கி, நட்டிலிருந்து பிராக்கெட் வரை மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுங்கள். முதல் நாள் தோட்டத்து ரோட்டிலேயே, இரண்டாம் கியரில், கொழுந்து நிறுக்கிற மடுவம் வரை போய்த் திரும்புங்கள். படுத்துப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் அந்த நட் நகர்ந்திருக்கிறது. 100 கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி. எனக்கு முதல் நாளே இடப்பக்க ஆர்மில் பின் போல்ட்டின் கோடு ஒரு நெல்மணி அளவு விலகியிருந்தது. வொஷர் அடியில் பெயின்ட் தடிப்பாக இருந்திருக்கிறது. சுரண்டிவிட்டு இறுக்கினேன். அதன் பிறகு அது அசையவில்லை.